குண்டுகரிச்சானும் மரக்காளானும்: பட்ட கிளையில் இரண்டு பிழைப்பு

மாமரத்தில் பட்டுப்போன கிளை ஒன்று. அதன் அடிப்பக்கத்தில், பட்டை வெடித்த இடத்தில், நகத்தளவு வெள்ளை விசிறிகள் வரிசையாக ஒட்டியிருக்கின்றன. அதே கிளையின் நுனியில், பொழுது புலரும் முன்பே, கறுப்பும் வெள்ளையுமாக ஒரு குண்டுகரிச்சான் வாலைத் தூக்கித் தூக்கிப் பாடிக்கொண்டிருக்கிறது. மரம், காளான், பறவை என்று மூன்று உயிர்கள். இவற்றில் எந்த இரண்டு நெருங்கிய உறவு?

மரமும் காளானும் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். இரண்டும் இருந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. கடையில் காளானைக் காய்கறியோடுதான் வைத்து விற்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸும் காளான்களைத் தாவரங்களோடுதான் சேர்த்தார். ஆனால் சரியான விடை காளானும் குண்டுகரிச்சானும்தான். மரம்தான் இவர்களில் தூரத்து உறவு. காளான் பூஞ்சைக் கூட்டத்தைச் சேர்ந்தது. இந்த உறவு ஏன் என்று புரிந்துவிட்டால் பூஞ்சை என்றால் என்ன, விலங்கு என்றால் என்ன என்ற இரண்டு பாடங்களும் சேர்ந்தே புரிந்துவிடும்.

முதலில் இருவரையும் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். அந்த வெள்ளை விசிறிக்கு அறிவியல் பெயர் ஷைசோபில்லம் கம்யூன். பிளவுச்செவுள் காளான் என்று இங்கே அழைப்போம். அகலம் 1 முதல் 4 சென்டிமீட்டர். தண்டு கிடையாது. மேற்புறத்தைத் தடவினால் பூனைக்குட்டியின் காதைத் தொட்டதுபோல மெல்லிய முடி. அடிப்புறத்தில் விசிறி மடிப்புகள் போலச் செவுள்கள்; ஒவ்வொரு செவுளும் விளிம்பில் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். இந்தப் பிளவு இருந்தால் வேறு காளானோ என்ற சந்தேகமே வேண்டாம். அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் இது வளர்கிறது. மணிப்பூரில் இதைக் காங்லாயென் என்று சொல்லிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். (படத்தைப் பார்த்து எந்தக் காட்டுக் காளானையும் பறித்துச் சமைக்காதீர்கள். இதற்கும் அதே விதிதான்.)

குண்டுகரிச்சானின் நீளம் 19 சென்டிமீட்டர் அளவு. எடை ஒரு கோழிமுட்டையில் பாதியை ஒட்டியோ சற்றுக் கூடவோ இருக்கும். ஆண் பளிச்சென்ற கறுப்பு, பெண் சாம்பல். முழுநேரப் பூச்சிவேட்டை. கூடு கட்ட மரப்பொந்தோ சுவர் இடுக்கோ வேண்டும். வங்கதேசத்தின் தேசியப் பறவை இதுதான். அங்கே தோயேல் என்பார்கள்.

சோற்றுக்குள் உடம்பு, உடம்புக்குள் சோறு

மரம் தன் உணவை வெயிலில் தானே தயாரித்துக்கொள்கிறது. காளானுக்கும் பறவைக்கும் அந்த வித்தை தெரியாது. பிறர் செய்துவைத்த உணவைத்தான் இரண்டும் தின்றாக வேண்டும். பாடப்புத்தகத்தில் இதற்குப் பிறசார்பு ஊட்டமுறை என்று பெயர். ஆனால் தின்னும் விதம் தலைகீழ்.

குண்டுகரிச்சான் வெட்டுக்கிளியை அலகால் பிடித்து, கிளையில் இரண்டு அடி அடித்து, விழுங்கிவிடுகிறது. முதலில் வரும் இரைப்பை அமிலமும் நொதியும் சுரக்கிறது. அடுத்து வரும் அரைவைப்பை நசுக்குகிறது. கோழி அறுக்கும்போது கெட்டியான தசைப்பை ஒன்று கிடைக்குமே, அதேதான். சில மணி நேரத்தில் சத்து இரத்தத்துக்குப் போய்விடும், சக்கை வெளியேறிவிடும். ஆக, உணவு உடம்புக்குள் வருகிறது.

காளானுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. நாம் பார்க்கும் வெள்ளை விசிறி அதன் காய் மாதிரி. உடம்பு கட்டைக்குள் இருக்கிறது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகள், ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் சில பங்குதான் தடிமன். இவற்றுக்கு ஹைபா என்று பெயர். இழைகள் எல்லாம் சேர்ந்த வலை மைசீலியம். ஒவ்வொரு இழையும் நுனியில் மட்டுமே வளரும். வளரும் நுனி நொதிகளை வெளியே கசியவிடுகிறது. கட்டையிலுள்ள செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீண்ட சங்கிலி. முழுச் சங்கிலி இழைக்குள் நுழையாது. நொதி அதை ஒற்றை, இரட்டை மணிகளாக நறுக்கியதும் இழை உறிஞ்சிக்கொள்கிறது. பறவை வயிற்றைச் சுமந்துகொண்டு உணவைத் தேடிப் போகிறது. காளான் உணவுக்குள் புகுந்துகொண்டு அங்கேயே வெளியில் செரிக்கிறது. இப்படி இறந்த பொருளை வெளியில் செரித்து உறிஞ்சும் உயிரைத்தான் சாறுண்ணி, மட்குண்ணி என்கிறோம்.

உறிஞ்சிய பிறகு நடப்பது இரண்டிலும் ஒன்றே. குளுக்கோஸ் செல்லுக்குள் போய், மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனோடு சேர்ந்து, ஆற்றலும் கார்பன் டை ஆக்சைடும் நீருமாக முடிகிறது. மக்கும் கட்டையும் மூச்சு விடுகிறது என்று சொன்னால் அது கவிதைக்காகச் சொல்வது ஆகாது. அடுப்பில் எரித்தால் ஒரு மணி நேரத்தில் போகும் கார்பன், காளானிடம் கொடுத்தால் ஆண்டுக்கணக்கில் போகிறது.

இந்த ஒற்றை உண்மையிலிருந்து ஒரு நடைமுறைச் சங்கதி கிடைக்கிறது. வேலிக்கால் எப்போதும் மண்மட்டத்தில்தான் இற்றுப்போகும், பார்த்திருப்பீர்கள். மேலே கட்டை நன்றாக இருக்கும்; பிடுங்கிப் பார்த்தால் ஆழத்தில் புதைந்த முனையும் ஓரளவு கெட்டியாக இருக்கும்; மண்ணும் காற்றும் சந்திக்கும் ஒரு சாண் மட்டும் விரலால் அமுக்கினால் பொடியாகும். மேலே ஈரம் போதாது. ஆழத்தில் ஆக்சிஜன் போதாது. அந்த ஒரு சாணில் மட்டும் இரண்டும் சேர்ந்து கிடைக்கின்றன. ஒரு கிலோ உலர்ந்த கட்டைக்கு 200 கிராமுக்குக் குறைவாக நீர் இருந்தால், அதாவது ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், காளான் வளராது. 30 சதவீதம் ஆகும்போது தாராளமாக வளரும். கதவு, நிலை, கூரைச் சட்டம் எல்லாவற்றுக்கும் தச்சர்கள் உலர்ந்த மரம் கேட்பது வளையாமல் இருக்க மட்டுமில்லை, இதற்கும்தான். குளத்தில் முழுக்க மூழ்கிய கட்டை பல ஆண்டு தாக்குப்பிடிப்பதற்கும் காரணம் இதுவே. மூழ்கிய கட்டையில் ஈரத்துக்குக் குறைவில்லை, மூச்சுக்குத்தான் வழியில்லை.

கட்டையைத் தின்பதில் இன்னொரு சிக்கல் நைட்ரஜன். உடம்பு கட்ட புரதம் வேண்டும், புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும். வெட்டுக்கிளியின் உடம்பில் ஐந்து பங்கு கார்பனுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு நைட்ரஜன் இருக்கும். கட்டையிலோ பல நூறு பங்கு கார்பனுக்கு ஒரு பங்குதான். அதாவது குண்டுகரிச்சான் கறிச்சோறு சாப்பிடுகிறது, காளான் வெறும் கஞ்சித்தண்ணீரில் உடம்பு வளர்க்கிறது. அதனால்தான் பூஞ்சை தன் பழைய இழைகளைக் காலி செய்து, அவற்றிலிருந்த நைட்ரஜனை நுனிக்கு அனுப்பிக்கொள்கிறது. சந்தையில் விற்கும் சிப்பிக்காளானும் இயற்கையில் கட்டை மக்கும் காளான்தான். அது தன் இழைகளில் நச்சுத்துளி வைத்து நூற்புழுக்களைச் செயலிழக்கச் செய்து, உள்ளே புகுந்து தின்றுவிடும். கறி தின்னும் காளான் என்றால் நம்பக் கடினம். ஆனால் கட்டையில் நைட்ரஜன் எவ்வளவு அரிது என்று தெரிந்தால் வியப்பு குறைந்துவிடும்.

உறவுக்கு என்ன சாட்சி?

தோற்றத்தை வைத்து உறவு சொல்லக்கூடாது. செல்லைத் திறந்து பார்க்க வேண்டும்.

மரம் மிச்சச் சர்க்கரையை ஸ்டார்ச்சாகச் சேமிக்கிறது. மரவள்ளிக்கிழங்கில் இருப்பது அதுதான். குண்டுகரிச்சான் கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது, நம் ஈரலும் அப்படியே. காளானும் கிளைக்கோஜன்தான். மரத்தின் செல்சுவர் செல்லுலோஸ். காளானின் செல்சுவரில் இருப்பது கைட்டின். வெட்டுக்கிளியின் ஓடும் இறாலின் ஓடும் அதே பொருள். பறவையின் செல்லுக்குச் சுவரே இல்லை என்பது பெரிய வேற்றுமைதான், ஆனால் கைட்டின் விலங்கு வம்சத்தில் பரவலாக இருப்பதை மறக்கக்கூடாது.

இன்னொன்று சவ்வு. நம் செல்களின் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கிறது, பறவைக்கும் அதே. பூஞ்சைக்கு அதன் ஒன்றுவிட்ட தம்பியான எர்கோஸ்டெரால். எர்கோஸ்டெராலில் வெயில் பட்டால் வைட்டமின் டி2 உண்டாகும். நம் தோலிலும் கொலஸ்ட்ராலோடு தொடர்புடைய ஒரு பொருளில் வெயில் பட்டு டி3 உண்டாகிறது. காளானை அடிப்புறம் மேலே இருக்க வெயிலில் சிறிது நேரம் வைத்துச் சமைத்தால் வைட்டமின் டி கூடும் என்பது இதனால்தான்.

இந்த உறவின் விலையை நோயாளிகள் கொடுக்கிறார்கள். பாக்டீரியாவின் செல் நம் செல்லிலிருந்து வெகுவாக மாறுபட்டது. அதை மட்டும் குறிவைத்துத் தாக்கும் மருந்துகள் நிறைய உண்டு. பூஞ்சை நம் செல்லைப் போலவே இயங்குவதால் அதைக் கொல்லும் மருந்து நம்மையும் தாக்கிவிடும். படர்தாமரைக்குத் தடவும் கிளோட்ரிமசோல் எர்கோஸ்டெரால் உற்பத்தியை முடக்குகிறது. ஆம்போடெரிசின் நேராக எர்கோஸ்டெராலைப் பிடிக்கிறது. வேறுபாடு என்று கிடைத்த சிறு இடுக்கில்தான் மருந்துக்காரர்கள் கத்தியை விட வேண்டியிருக்கிறது.

கடைசிச் சாட்சி வால். கைட்ரிட் என்ற பழைய பூஞ்சைக் கூட்டத்தின் ஸ்போர்கள், அதாவது விதை போலப் பரவும் நுண்துகள்கள், நீரில் நீந்தும். பின்பக்கம் ஒற்றை வாலால் தள்ளிக்கொண்டு போகும். குண்டுகரிச்சானின் விந்தணுவும் அப்படியே, மனிதனுடையதும் அப்படியே. பிளவுச்செவுள் காளானின் வம்சம் தரைக்கு வந்த பிறகு இந்த வாலை இழந்துவிட்டது. மரபணுத் தொடர்களை ஒப்பிட்டு, விலங்குகளும் பூஞ்சைகளும் மிக நெருங்கியவை என்று 1993இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பின்வால் உயிர்கள் என்று பொருள்படும் ஒபிஸ்தோகாண்ட் என்ற பெயரில் இரண்டும் இப்போது ஒரே கிளையில் இருக்கின்றன. பிரிந்தது ஏறக்குறைய 100 கோடி ஆண்டுகளுக்கு முன்.

உறவு நெருக்கம் என்பதற்காகச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பறவையின் உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல். பெரும்பாலான பூஞ்சைகள் 37 டிகிரியைத் தாண்டினாலே திணறும். சூட்டை ஒரு கவசமாக எண்ணலாம். அந்தக் கவசத்தைத் துளைப்பது ஆஸ்பர்ஜில்லஸ் ஃபுமிகேட்டஸ் என்ற பூஞ்சை. குப்பைக்கூளம் மக்கும்போது எழும் சூட்டில் வளர்ந்து பழகியது, 50 டிகிரியிலும் பிழைக்கும். பூஞ்சை பிடித்த தீவனத்திலிருந்தும் ஈர வைக்கோலிலிருந்தும் பறவைகளின் காற்றுப்பைகளுக்குள் புகுந்து கொல்லும். கோழி வளர்ப்பவர்களுக்கு இது தெரிந்த நோய்.

துணை தேடும் வழி

இந்தியாவில் குண்டுகரிச்சானின் இனப்பெருக்கக் காலம் பெரும்பாலும் மார்ச் முதல் ஜூலை வரை. ஆண் உயரமான கிளையில் ஏறிப் பாடுகிறது. நம் குரல் தொண்டையில் உருவாகிறது; பறவைக்கு மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் அடியிடத்தில் சிரிங்ஸ் என்ற உறுப்பு இருக்கிறது. பாட்டை இது பிறவியிலேயே முழுதாகக் கொண்டுவருவதில்லை, கேட்டுக் கற்கிறது. பெண் பொந்தில் வேரும் நாரும் போட்டுக் கூடமைத்து, பெரும்பாலும் 4 அல்லது 5 முட்டையிட்டு, தனியாகவே அடைகாக்கிறது.

பூஞ்சைக்குக் குரல் இல்லை. வேதிப்பொருள் உண்டு. ஷைசோபில்லத்தின் இழைகள் ஃபெரமோன் என்ற மணப்பொருளாலும் அதை உணரும் ஏற்பிகளாலும் எதிரே வருபவர் தனக்குப் பொருத்தமா என்று பார்க்கின்றன. ஆண், பெண் என்ற இரு பிரிவு இங்கே கிடையாது. இணைவு வகைகள் 23,000த்துக்கு மேல் இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதை "23,000 பாலினம்" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது குழப்பும். இரத்த வகை போல என்று எண்ணிக்கொள்ளுங்கள். மரபணுத் தொகுதியில் இரண்டு இடங்கள். ஒன்றில் 288 வடிவம், மற்றதில் 81 வடிவம் இருக்கலாம் என்று மதிப்பிட்டு, பெருக்கிக் கிடைத்த எண் அது. சந்திக்கும் இரு இழைகளுக்கும் இந்த இரண்டு இடங்களிலும் வடிவம் வேறாக இருந்தால் இணையலாம். பலன் என்ன? வழியில் சந்திக்கும் அந்நிய இழை கிட்டத்தட்ட எதுவாயிருந்தாலும் பொருத்தமான துணைதான். தேடி அலைய முடியாத உயிருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது.

இணைந்த பிறகு நடப்பது இன்னும் விசித்திரம். பறவையில் விந்தும் முட்டையும் சேர்ந்தவுடன் இரண்டு உட்கருக்களும் கலந்துவிடுகின்றன. காளானில் இழைகள் கலக்கின்றன, உட்கருக்கள் கலப்பதில்லை. ஒவ்வொரு செல்லிலும் இரண்டு உட்கருக்கள் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்து, கட்டை தீரும்வரை அப்படியே பெருகுகின்றன. மழை வந்து வெள்ளை விசிறி விரிந்து, செவுளின் மேல் பசிடியம் என்ற செல் உருவாகும்போதுதான் அவை ஒன்றாகின்றன. உடனே பிரிந்து நான்கு ஸ்போர்களாகின்றன. கல்யாணம் ஆகி ஆண்டுக்கணக்கில் கழித்து, பிள்ளை பெறும் அன்றைக்குத்தான் கைகோப்பது போல.

"ஒரு உயிர்" என்ற சொல்லும் இரண்டிலும் ஒரே பொருளில் வராது. ஒரு குண்டுகரிச்சான் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குழந்தைக்கும் தெரியும். மைசீலியத்தைப் பாதியாக வெட்டினால் இரண்டு பாதியும் வாழும். ஒரே கிளையில் இருக்கும் 20 விசிறிகள் ஒரே உயிரின் 20 காய்களாக இருக்கலாம், இரண்டு மூன்று உயிர்கள் கலந்தும் இருக்கலாம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், மால்ஹர் காட்டில், ஆர்மிலேரியா என்ற பூஞ்சையின் ஒரே உயிர் 965 ஹெக்டேர் பரவியிருப்பதை மரபணுச் சோதனையால் கண்டுபிடித்தார்கள்.

பொந்து யார் கொடுத்தது?

குண்டுகரிச்சானின் மெல்லிய அலகு பூச்சி பிடிக்கத்தான் ஆகும், மரம் குடைய ஆகாது. பொந்து வேண்டுமென்றால் வேறு யாராவது செய்திருக்க வேண்டும். கிளை முறிந்த காயத்தில் காளான் புகுந்து, நடுக்கட்டை இற்று விழுந்து குழி உண்டாகலாம். அல்லது காளான் பதமாக்கிய கிளையைக் குக்குறுவானோ மரங்கொத்தியோ குடைந்து, ஒரு பருவம் குடியிருந்து விட்டுப்போகலாம். குக்குறுவான் பட்டுப்போன கிளையைத் தேடித் தேடிக் குடைவதற்கும் காரணம் இந்தப் பதம்தான்.

பிளவுச்செவுள் காளான் பெரிய பொந்து செய்யும் ஆள் கிடையாது. வைரம் பாய்ந்த நடுக்கட்டையைச் சுற்றியுள்ள வெளிர்ந்த கட்டையில், கிளை பட்டதும் முதலில் குடியேறும் வகை. கட்டைக்கு விறைப்புத் தரும் லிக்னினைச் சிதைக்கும் திறன் இதற்குக் குறைவு. மரத்தின் நடுவைக் கோறையாக்குபவை கனோடெர்மா போன்ற பெரிய தட்டுக்காளான்கள். தென்னையில் அடித்தண்டழுகலை, அதாவது தஞ்சாவூர் வாடல் நோயை, உண்டாக்குவதும் கனோடெர்மாதான். இற்ற கட்டையை விரலால் நசுக்கிப் பாருங்கள். வெளுத்து நார்நாராகப் பிரிந்தால் லிக்னினும் தின்னப்பட்டிருக்கிறது. பழுப்பாகிச் சின்னச் சதுரக் கட்டிகளாக உடைந்தால் செல்லுலோஸ் போய் லிக்னின் மிஞ்சியிருக்கிறது. முதல் வகை வெள்ளையழுகல், இரண்டாவது பழுப்பழுகல்.

தோட்டத்து மரத்தில் காளான் புகாமல் கிளை வெட்ட மூன்று வெட்டு வேண்டும். தண்டிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழம் அறுக்க வேண்டும். அதற்கு இன்னும் சில சென்டிமீட்டர் வெளியே, மேலிருந்து முழுதாக அறுத்துக் கிளையை விழவிட வேண்டும். பிறகு மிச்சக் கட்டையை, கிளை தண்டோடு சேரும் இடத்தில் உள்ள வீங்கிய வளையத்துக்கு வெளியே, அந்த வளையத்தைத் தொடாமல் எடுக்க வேண்டும். முதல் வெட்டை விட்டுவிட்டால் கிளை தன் பாரத்தில் சாய்ந்து, தண்டின் பட்டையை ஒரு முழம் உரித்துக்கொண்டு போகும். வளையத்தைச் சேர்த்து வழுவழுவென்று அறுத்தால் மரம் காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பும் இடமே போய்விடும். வெட்டுவாயில் தார் பூசுவதால் பயனில்லை. ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும், அவ்வளவுதான்.

ஆள் நடக்கும் பாதைக்கோ கூரைக்கோ மேலே நீட்டாத பட்ட கிளை என்றால் விட்டுவையுங்கள் என்றே சொல்வோம். "பட்டது" என்று நாம் கழிக்கும் கிளையில்தான் பல பறவைகளின் வீடு இருக்கிறது.

ஒரு தம்ளர், ஒரு கறுப்புத் தாள்

இவ்வளவையும் படித்ததில் ஒன்றையாவது கண்ணால் பார்க்கலாம். மாங்கட்டை, மூங்கில், விறகுக்குவியல் இவற்றில் தேடினால் பிளவுச்செவுள் காளான் கிடைக்கும். வெயில் காலத்தில் சுருண்டு, அழுக்கு வெள்ளைப் பஞ்சு போல இருக்கும். இரண்டு மூன்றைக் கிள்ளி எடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் அடிப்புறத்தைப் பாருங்கள். பிளந்த செவுளின் இரு பாதிகளும் எதிரெதிராகச் சுருண்டு, ஸ்போர் உண்டாகும் பரப்பை மூடிக் காத்துக்கொண்டிருக்கும்.

நீரில் 15 நிமிடம் போட்டு எடுங்கள். சுருள் பிரிந்து, பாதிகள் நிமிர்ந்து, விசிறி விரியும். ஈரத்தைத் துணியில் ஒற்றிவிட்டு, செவுள் கீழே பார்க்கக் கறுப்புத் தாளில் வைத்து, கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் எடுத்தால் செவுள்களின் வரிசை வெள்ளைப் பொடியில் கோடு கோடாகப் பதிந்திருக்கும். அந்தப் பொடிதான் ஸ்போர். பதியவில்லை என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடந்திருக்கும்: ஈரத்தை ஒற்றாமல் வைத்து ஸ்போர் சேறாகியிருக்கும், வெள்ளைத் தாளில் வைத்ததால் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும், அல்லது காளான் கிழடாகி ஸ்போர் தீர்ந்திருக்கும். தம்ளரைத் திறந்து மூக்கருகே கொண்டுபோகாதீர்கள். இந்தக் காளான் அரிதாக மனிதரின் மூக்கறையிலும் நுரையீரலிலும் வளர்ந்ததுண்டு. ஆஸ்துமாவோ நோயெதிர்ப்புக் குறைவோ உள்ளவர்கள் இந்தச் சோதனையைத் தவிர்ப்பது நல்லது.

முடிந்ததும் காளானைத் தூக்கி எறிய வேண்டாம். கனடாவில் ரெஜினால்ட் புல்லர் என்ற அறிஞர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலர்ந்த பிளவுச்செவுள் காளான்களைக் காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயில் அடைத்து வைத்தார். ஐம்பதாண்டு கழித்துத் திறந்து நனைத்தபோதும் செவுள்கள் விரிந்து ஸ்போர் உதிர்ந்தது. உங்களுடையதை நிழலில் உலர்த்தி, தாள் உறையில் போட்டு, எந்த மரம், எந்தத் தேதி என்று எழுதி, அலமாரியில் வையுங்கள். அடுத்த ஐப்பசியில் எடுத்து நனைக்கலாம்.